ஆடியில் பிறக்கும் ஆண்டு

எங்கள் தோட்டத்தில் சித்திரை மாதம் தக்காளி கிடைக்காது. பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. "கடையில குவிஞ்சு கிடக்கே, இங்க மட்டும் ஏன் வராது?" என்று கேட்பார்கள். கடையில் குவிந்து கிடப்பது மதனப்பள்ளியிலோ கோலாரிலோ விளைந்தது. இரண்டும் சென்னையைவிட உயரமான நிலம்; கோடையிலும் இரவானால் அங்கே சூடு தணியும். அங்கிருந்து லாரியில் கோயம்பேட்டுக்கு வந்து, கோயம்பேட்டிலிருந்து நம் தெருமுனைக்கு வருகிறது. இங்கே தாம்பரத்துக்கு மேற்கே, பகலில் 39, 40 டிகிரி கொளுத்தி, இரவிலும் 28-க்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளிச் செடி பூக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சூட்டில் மகரந்தம் வீரியம் இழந்துவிடுகிறது. பிஞ்சு பிடிக்காமல் பூ காம்போடு உதிரும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் உதிரும், கூடை கூடையாக எரு கொட்டினாலும் உதிரும்.

எந்தக் காயும் எந்த மாதமும் கிடைக்கும் என்று கடைகள் நம்மைப் பழக்கிவிட்டன. என் அப்பாவுக்குச் செய்யாற்றுப் பக்கம் கிணற்றுப் பாசனம். எந்த வாரம் எதை விதைப்பது என்று அவர் யாரிடமும் போய்க் கேட்டதில்லை. அந்த வீட்டில் பிறந்த நான், தபால் நிலையக் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகுதான் மறுபடி மண்வெட்டியைக் கையில் எடுத்தேன். நாலு தெரு ஜனங்கள் சேர்ந்து பார்க்கும் இந்தத் தோட்டத்தில் நான் தெரிந்துகொண்டது ஒன்று: பட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஆள் வரத்தையும் பார்க்க வேண்டும். கூலி வாங்காமல் வருகிறவர்களை வைத்து நடக்கும் தோட்டத்தில் மழைக்கும் வெயிலுக்கும் பருவம் இருப்பதைப் போலவே ஆட்களுக்கும் பருவம் உண்டு. இரண்டும் ஒத்துவருகிற பயிரை அந்தந்த மாதத்தில் போட்டால் தோட்டம் நிலைக்கும். ஒன்றை விட்டாலும் இரண்டு வருஷத்தில் முள்காடாகிவிடும்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர்கள், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுவில் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வார்களே, அதுதான். பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் என்று விட்டது பல இடங்களில் குப்பைமேடாகக் கிடக்கும். எங்கள் 12 சென்ட்டும் அப்படித்தான் கிடந்தது. பக்கத்தில் வீடு கட்டியவர்கள் கொட்டிய செங்கல் உடைசல், சீமைக்கருவேல், மது பாட்டில். நலச்சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுத்து, பராமரிப்புக்கு என்று எழுத்தில் அனுமதி வாங்கி, வேலி போட்ட பிறகுதான் முதல் கடப்பாரையை இறக்கினோம். தோண்டத் தோண்ட சிமென்ட் கட்டியாக வந்தது. பள்ளிக்கரணைப் பக்கமிருந்து தோழி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, "இதுலயா காய் விளையப்போகுது?" என்றாள். ஒரு வருஷம் முழுக்க வீட்டுக் கழிவும் சருகும் தொழுவுரமுமாகப் போட்டு மண்ணைக் கட்டினோம். இன்றைக்கு அதே இடத்தில் கையை விட்டால் முழங்கை வரை இறங்கும்.

வருகிறவர்கள் யார் யார் என்றால், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், இரவுப் பணி முடித்து நேராக வரும் நர்ஸ் ஒருவர், தையல்காரர், ஆட்டோ ஓட்டும் தம்பி, கணினி வேலை பார்க்கும் இளம் தம்பதி, நாலைந்து இல்லத்தரசிகள், பள்ளிப் பிள்ளைகள். எங்களில் மண்வாசனை அறிந்தவர்கள் பாதி, மண்வெட்டியை இங்குதான் முதலில் தொட்டவர்கள் பாதி.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று எல்லோரும் சொல்வார்கள். சென்னைக்கு அது ஏன் பொருந்துகிறது என்று யோசித்துப் பார்த்தால்தான் அதில் உள்ள கணக்கு புரியும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் நமக்குக் கிடைப்பது பகலெல்லாம் காய்ந்துவிட்டு மாலையிலோ இரவிலோ இடியோடு வரும் மழைதான். ஆனி, ஆடியில் அப்படி நாலு மழை பெய்து மண் நனைந்துவிடும். வெயிலின் கடுமையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்போது விதைத்தால், அடைமழை தொடங்குவதற்குள் செடிக்கு இரண்டரை மூன்று மாதம் கிடைக்கிறது. அதற்குள் வேர் ஆழமாக இறங்கிவிட வேண்டும், தண்டு தடிக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் போட்ட கத்தரி நாற்று ஐப்பசி மழையில் மண்ணோடு மண்ணாகப் படுத்துவிடும். ஆடியில் நட்ட கத்தரி அதே மழையில் நிமிர்ந்து நிற்கும்.

ஆடியில் எங்களுக்கு ஆட்களுக்கும் குறைவில்லை. பள்ளி திறந்து முதல் பரபரப்பு அடங்கியிருக்கும், கல்யாண முகூர்த்தங்கள் இருக்காது, ஊர்ப்பயணம் குறைவு. ஆகவே வருஷத்தின் கடினமான வேலைகளை எல்லாம் அந்த மாதத்தில் குவித்துக்கொள்வோம். பாத்தி கட்டுவது, சவுக்குக் கம்பு நட்டுப் பந்தல் போடுவது, நாற்று பிடுங்கி நடுவது. வெண்டை, கொத்தவரை, காராமணி நேரே விதைப்பு. கத்தரியும் மிளகாயும் ஆனியிலேயே நாற்றங்காலில் போட்டிருப்போம். பந்தலுக்குப் பீர்க்கை, புடலை, பாகல், சுரை, அவரை.

அவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பந்தல் அவரை ரகங்களை வைகாசியில் போட்டாலும் சரி, ஆடியில் போட்டாலும் சரி, கார்த்திகைக்கு முன்னால் பூக்காது. பொழுது சுருங்குவதைச் செடி உணர்ந்தால்தான் பூ எடுக்கும். சென்னையில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை, கொடிக்குத் தெரிகிறது. கணினிக்காரத் தம்பி ஆவணியும் புரட்டாசியும் அந்தக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சலித்துப்போனார்.

"அக்கா, பந்தல் பூரா இலைதான் இருக்கு. ஒரு பூ இல்ல. பிடுங்கிட்டு வேற எதாவது போடலாமா?"

"இருக்கட்டும் தம்பி. பொழுது இறங்கட்டும். மார்கழில நீங்களே எண்ண மாட்டாம பறிப்பீங்க."

பறித்தார். இப்போது அவர்தான் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பந்தலைக் காட்டி விளக்குகிறார். பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் குத்து அவரை ரகங்களும் இப்போது கிடைக்கின்றன. அவசரக்காரர்கள் அதைப் போடலாம். எனக்குப் பந்தல் அவரையின் மணம்தான் மணம்.

ஆவணி பிறந்ததும் மாலை நேரத்து வேலை ஒன்று தொடங்கும். எங்கள் தோட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை. பீர்க்கைப் பூ சாயங்காலம்தான் விரியும். ஐந்து மணிக்குப் போனால் மொட்டு இறுக மூடியிருக்கும். ஆறுக்குள் பந்தல் முழுக்க மஞ்சள். ஆண்பூக்கள் நீண்ட காம்பில் கொத்தாக இருக்கும், தினமும் ஒன்றிரண்டாக விரியும். பெண்பூ தனியாக நிற்கும். அதன் அடியில் சுண்டுவிரல் அளவுக்கு வரிவரியாக ஒரு பிஞ்சு முன்கூட்டியே இருக்கும். அந்தப் பிஞ்சைப் பார்த்து, காய் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். மகரந்தம் சேராவிட்டால் மூன்று நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடும். கிராமத்தில் இதை அந்துப்பூச்சியும் தேனீயும் பார்த்துக்கொள்ளும். தெருவிளக்கும் கான்கிரீட்டும் சூழ்ந்த இடத்தில் அவை குறைவு. அதனால் ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்னுக்கு மடக்கி, நடுவிலிருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவின் சூலகமுடியில் மெல்லத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். விரலில் மஞ்சள் தூள் ஒட்டினால் பூ பக்குவத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

சுரையும் சாயங்காலம் வெள்ளையாக விரியும். புடலை இருட்டத் தொடங்கும்போது. ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்த அந்தப் பூவைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. பாகலும் பூசணியும் நேர்மாறு, விடியலிலேயே விரிந்து வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். இதை வைத்தே நாங்கள் ஆட்களைப் பிரித்துவிட்டோம். இரவுப் பணி முடித்துக் காலை ஏழு மணிக்கு வரும் நர்ஸுக்குப் பாகலும் பூசணியும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பீர்க்கையும் சுரையும். பிள்ளைகள் தொட்ட பூவுக்கு நூல் கட்டி அடையாளம் வைப்பார்கள். நாலாம் நாள் வந்து, பிஞ்சு பச்சை மாறாமல் நீண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரிகிற சந்தோஷத்துக்காகவே நான் அந்த நேரத்தில் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை.

பூச்சி விஷயத்தில் மருந்துக்கடைப் பக்கம் போவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்தோம். குழந்தைகள் செடியிலிருந்து பறித்து அப்படியே கடிக்கிற இடம் இது. அதற்குப் பதில் கண் வேண்டும், தினமும் வேண்டும். கத்தரியில் நுனிக்குருத்து மட்டும் தலைதொங்கி நின்றால், தண்ணீர் போதவில்லை என்று எண்ணக்கூடாது. வாடிய இடத்துக்கு ஓரங்குலம் கீழே கிள்ளி, தண்டை நகத்தால் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு இருக்கும். தண்டையும் காயையும் துளைக்கும் புழு அதுதான். குருத்திலேயே பிடித்துவிட்டால் காய்க்குப் போகாது. கிள்ளிய குருத்தை அங்கேயே போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து அழித்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவறாமல் செய்ததால்தான் எங்கள் கத்தரி நாலைந்து மாதம் தாக்குப்பிடிக்கிறது. முள்ளு கத்தரிதான் போடுகிறோம், வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி ரகம். புவிசார் குறியீடு பெற்ற ரகம் என்பதைவிட, எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பில் அது கரையாமல் நிற்கும் என்பதுதான் எங்கள் பெண்களுக்கு முக்கியம்.

வெண்டையில் வேறொரு தொல்லை. இலை நரம்புகள் மஞ்சளாகி, பிறகு காயே வெளுத்துப்போகும். மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வைரஸால் வருவது, வெள்ளை ஈ பரப்புவது. வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கித்தான் ஆக வேண்டும். பூத்துக் காய்த்து நிற்கும் செடியைப் பிடுங்கப் பலருக்குக் கை வராது. நாலாம் தெருப் பாட்டி, "உயிரோட இருக்கிறத எப்படிம்மா பிடுங்குறது?" என்று கண்கலங்கினார். ஒரு செடியை விட்டுவைத்தால் வரிசையே போய்விடும் என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லி, அவர் கையாலேயே பிடுங்க வைத்தோம். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா போல இந்த நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கிய ரகங்கள் இருக்கின்றன. நாட்டு ரகத்தோடு அதையும் கலந்து போடுவோம். வெள்ளை ஈக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி தெளிப்போம். வளர்ச்சிக்குப் பஞ்சகவ்யம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய அளவுதான் எங்களுக்கும்: 10 லிட்டருக்கு 300 மில்லி.

ஐப்பசி. தோட்டம் தப்புமா தப்பாதா என்பது இந்த மாதத்தில் தெரிந்துவிடும். மழையில் செடி அழுகுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் வேருக்கு மூச்சு முட்டுகிறது. மண்துகள்களுக்கு நடுவே காற்று இருந்த இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொள்வதால் வேருக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. மிளகாயும் கத்தரியும் தக்காளியும் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது; தண்ணீரில் நின்றுகொண்டே தண்ணீர் உறிஞ்ச முடியாமல் வாடும். அதனால் புரட்டாசியிலேயே எல்லாப் பாத்திகளையும் முக்கால் அடி உயர்த்தி, நடுவில் வாய்க்கால் வெட்டி, வேலி ஓரத்து உறிஞ்சுகுழிக்குச் சரிவு கொடுத்துவிடுவோம். ஐப்பசியில் கீரை விதைப்பதில்லை. பெருந்தூறலில் கீரை விதை அடித்துப்போகும். முளைத்ததும் தண்டடியில் அழுகிச் சாயும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கமெல்லாம் வெள்ளம். தோட்டத்தில் பாத்திக்கு மேல் தண்ணீர் நின்றது. அவரவர் வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருந்தது, தோட்டத்தை யார் நினைப்பார்கள்? வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது மிளகாய் மொத்தமும் போயிருந்தது. சேப்பங்கிழங்கும் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஒன்றுமே நடக்காததுபோல் நின்றன. அவை ஈரத்துக்கே பிறந்தவை. அந்த வருஷத்திலிருந்து தாழ்வான மூலையை அவற்றுக்கே நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டோம். வெள்ளம் வடிந்ததும் ஆர்வத்தில் உள்ளே இறங்கி மிதிக்கக்கூடாது என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறோம். சேறான மண்ணை மிதித்தால் அது இறுகி, மாதக்கணக்கில் தண்ணீர் இறங்காமல் போகும். கரையில் நின்றபடி வாய்க்காலை மட்டும் திறந்துவிட்டு, மேல்மண் உதிரத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு கொத்திவிட்டு, பிழைத்த கத்தரியைக் கவாத்து செய்து, வெறும் இடங்களில் அரைக்கீரையும் சிறுகீரையும் தூவினோம். 25 நாளில் அறுப்பு. வெள்ளம் பார்த்த தெருவில் முதல் கட்டுக் கீரையை வீடு வீடாகக் கொடுத்தபோது வாங்கியவர்கள் சொன்ன வார்த்தைகளை நான் மறக்க மாட்டேன்.

மழை மாதத்தில் ஆளும் வராது, வரச்சொல்லவும் கூடாது. வேலிக்குப் பக்கத்து வீடுகளில் இருப்பவர்கள் மட்டும் வாய்க்கால் அடைபடாமல் பார்த்துக்கொள்வார்கள். ஒரே ஒரு வேலைக்குத்தான் கூட்டம் கூடும்: மழைவிட்ட இரவில் நத்தை பொறுக்க. கைப்பிடி அளவு பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் பப்பாளி இலையையும் கோஸ் இலையையும் தேடி வரும். அந்த இலைகளையே ஈரச் சாக்கின் அடியில் வைத்து, டார்ச் வெளிச்சத்தில் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவோம். வெறுங்கையால் தொடக்கூடாது, அவற்றில் மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணிகள் இருக்கலாம். கையுறை இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை.

மார்கழி, தை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரவு வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்கும். மழைக்கு மறைவாக மாடிப்படிக்கட்டின் கீழ் தட்டுகளில் வளர்த்த தக்காளி, காலிஃபிளவர், முட்டைகோஸ் நாற்றுகள் பாத்திக்கு வந்து செழிக்கும். முள்ளங்கி, பீட்ரூட், வெந்தயக்கீரை, கொத்தமல்லி எதைப் போட்டாலும் வரும். போகியன்று தெருவில் சருகையும் வைக்கோலையும் கொளுத்த விடாமல் கேட்டு வாங்கிக்கொள்வோம். கோடை முழுவதற்குமான மூடாக்கு அதில் கிடைத்துவிடும்.

ஆனால் சச்சரவும் தையில்தான். காய் இல்லாத மாதத்தில் யாரும் சண்டை போடுவதில்லை. பறிக்கப் பறிக்கக் காய் வரும்போதுதான், நேற்று ஒரு நாள் வந்தவர் பை நிறைய எடுத்துப் போனார், தினமும் களையெடுத்தவருக்கு நாலு வெண்டைக்காய் என்று பேச்சு எழும். பல பொதுத் தோட்டங்கள் வெள்ளத்திலும் வறட்சியிலும் அழிவதில்லை, இந்தப் பேச்சில்தான் அழிகின்றன. எங்கள் ஏற்பாடு இதுதான். பறிப்பது புதனும் ஞாயிறும் மட்டும், எல்லோரும் இருக்கும்போது. பறித்ததைத் தராசில் போட்டுப் பலகையில் எழுதுவோம். முதல் பங்கு அங்கன்வாடிக்கு. அடுத்து அந்த வாரம் வேலை செய்தவர்களுக்குச் சமமாக, மணிக்கணக்கு பார்ப்பதில்லை. முடியாத வயதில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு பங்கு வீட்டுக்கே போகும். காசுக்கு விற்பதில்லை. தலைமையாசிரியர் இதில் கறாராக இருந்தார். ஒரு ரூபாய் புழங்கத் தொடங்கினாலும் கணக்கு கேட்பவர்கள் கூடுவார்கள், களையெடுப்பவர்கள் குறைவார்கள் என்றார். அவர் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். விதைக்கும் கயிற்றுக்கும் ஆகிற செலவைச் சந்தாவில் சமாளித்துக்கொள்கிறோம்.

மாசி, பங்குனியில் பரீட்சை. பிள்ளைகள் வர மாட்டார்கள், அவர்களோடு அம்மாக்களும் வர மாட்டார்கள். ஆகவே அப்போது தினமும் கை பார்க்க வேண்டிய பயிரே கூடாது. கொத்தவரை, காராமணி, சர்க்கரைவள்ளிக் கொடி, தண்டுக்கீரை. பாத்திக்குப் பாத்தி நாலு விரல் கனம் சருகு மூடாக்கு. மூடாக்கு போட்ட பாத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் போதும், போடாததற்குத் தினமும் வேண்டும். வெள்ளரியும் பூசணியும் போட்ட இடங்களில் சுட்ட மண்பானையைக் கழுத்து வரை புதைத்து நிரப்பிவைப்போம். பானைச் சுவரில் கசியும் ஈரத்தைத் தேடி வேர் வந்து பானையைச் சுற்றிக்கொள்ளும். கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு பாதி நேரம்தான் இறைக்கும். 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் நாங்கள். குடிக்கிற தண்ணீரைக் காய்க்கு ஊற்ற எங்களுக்கு மனம் வராது. அரிசி கழுவிய தண்ணீரை வீடுகளிலிருந்து வாளியில் கொண்டுவருவார்கள்.

சித்திரை, வைகாசி மண்ணுக்கு ஓய்வு. நாங்கள் சாப்பிடுவது முருங்கையும் பசலைக்கொடியும் மிச்சமிருக்கும் கொத்தவரையும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.-1 முருங்கை, விதை போட்டு வளர்ப்பது, எங்கள் வேலி ஓரமெல்லாம் நிற்கிறது. மற்ற காய்கள் காயும் வெயிலில் அது காய்த்துத் தள்ளும். வெண்டையின் வேரைப் பிடுங்கும்போது மணி மணியாக முடிச்சு தென்பட்ட பாத்திகளை மட்டும் குறித்துவைத்திருப்போம், அது நூற்புழு. அக்கினி நட்சத்திரத்துக்கு முன்பே அந்தப் பாத்தியை நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலிதீன் விரிப்பை இழுத்துப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் அடைத்துவிட்டால், நாலிலிருந்து ஆறு வாரத்தில் உள்ளே இருக்கும் சூட்டில் நூற்புழுவும் களைவிதையும் பெருமளவு அழியும். விரிப்பு கறுப்பாக இருக்கக்கூடாது; வெயில் உள்ளே இறங்கி மண்ணைச் சுட வேண்டும். அடுத்த பருவத்தில் அங்கே செண்டுமல்லி. அதன் வேர் மிச்ச நூற்புழுவையும் அடக்கும்.

மற்ற பாத்திகளில் கோடைமழை ஒன்று விழுந்ததும் பலதானியம் விதைப்போம். நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப்போன முறை. கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, எள், ஆமணக்கு, சணப்பு, தக்கைப்பூண்டு, கொத்தமல்லி, கடுகு எல்லாம் கலந்து தூவி, 50 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிட வேண்டும். எங்களிடம் ஏர் கிடையாது. அரிவாளால் அறுத்து மண்வெட்டியால் கொத்திப் புதைக்கிறோம். தையல்காரரும் ஆட்டோத் தம்பியும் ஒரு பாத்திக்கு ஒருவர் என்று போட்டி போட்டுக்கொண்டு முடிப்பார்கள். இரண்டு வாரம் மக்கவிட்டால் ஆடிக்கு மண் தயார்.

ஓய்வு மாதத்தில் விதை வேலையும் உண்டு. தையிலேயே நோயில்லாத நல்ல செடியாகப் பார்த்துச் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். அதில் யாரும் பறிக்கக்கூடாது. வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுக்க வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுத்து மெத்தென்று ஆன பிறகு. தக்காளி விதையைச் சாறோடு இரண்டு நாள் புளிக்கவைத்துக் கழுவினால் அதன் மேல் இருக்கும் வழவழப்பு போய்விடும். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி, சாம்பல் பிசறி, பெயரும் மாதமும் எழுதிய சீசாக்களில் அடைத்து நாலு வீடுகளில் பிரித்து வைக்கிறோம். ஒரு வீட்டில் தண்ணீர் புகுந்தாலும் மூன்று வீட்டில் விதை இருக்கும்.

உங்கள் தெருவில் இப்படி ஒன்று தொடங்க எண்ணுகிறவர்களுக்குச் சில வார்த்தை. வாய்மொழி அனுமதியை நம்பி மண்ணில் கை வைக்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று சித்திரை வெயிலை மனதில் வைத்துக் கேளுங்கள், மார்கழியை வைத்துக் கேட்காதீர்கள். நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்கள் எட்டுப் பேராவது இல்லாமல் முழு நிலத்தையும் எடுக்காதீர்கள். கால்வாசியைக் கொத்தி, மீதியைச் சருகு போட்டு மூடிவையுங்கள். முதல் பயிர் கீரையாக இருக்கட்டும். ஒரு மாதத்துக்குள் கையில் ஒரு கட்டு கிடைத்துவிட்டால் வந்தவர்கள் மறுபடி வருவார்கள். மனு எழுதுவதைப் பங்குனியிலேயே தொடங்குங்கள். அனுமதி வரக் கொஞ்சம் இழுத்தாலும், இடிபாட்டைப் பொறுக்கி ஒதுக்கி, எருவைப் பரப்பி, ஆடி முதல் மழைக்குள் பாத்தி கட்டிவிடலாம்.